பூவை எடுத்த பிள்ளை

என் கணவர் ஒரே மனிதரின் வாழ்க்கையை இரண்டு தடவை எழுதினார். முதல் தடவை அந்த மனிதருக்குக் கடவுளே கிடையாது. இரண்டாம் தடவை கடவுளைத் தவிர வேறு யாருமே கிடையாது. இரண்டுக்கும் அச்சுப்பிழை பார்த்தவள் நான். இரண்டு தடவையும் சண்டை போட்டேன். முதல் சண்டையில் தோற்றேன். இரண்டாவதை நானே விட்டுக்கொடுத்தேன். ஏன் விட்டுக்கொடுத்தேன் என்பதைத்தான் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த மனிதர் எங்கள் வட்டையின் பழைய விதானை. வட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வயல்வெளி. ஒவ்வொரு வட்டைக்கும் ஒரு விதானை இருப்பார். எந்த நாளில் விதைப்பு, யார் வயலுக்கு எப்போது தண்ணீர், யாருடைய மாடு யாருடைய பயிரைத் தின்றது, எல்லாவற்றிலும் அவர் வைத்ததுதான் தீர்ப்பு. நான் சொல்பவர் வெள்ளைக்காரன் காலத்து ஆள். என் அம்மாவுக்குப் பெரியப்பா. நான் பிறப்பதற்கு முன்பே செத்துப்போனவர். ஆனாலும் கல்குடாப் பக்கத்திலும் ஓட்டமாவடியிலும் வயல் செய்கிறவர்கள் இன்றைக்கும் அவரைப் பற்றிக் கதைப்பார்கள். அதற்குக் காரணம் ஒரு வெள்ளம்.

ஒரு மார்கழியில் மழை விடவே இல்லையாம். குளம் நிரம்பி, வாய்க்கால் நிரம்பி, அணை விளிம்பில் தண்ணீர் தளும்பி நின்றது. எங்கள் பக்கத்து அணையை வெட்டிவிட்டால் தண்ணீர் எங்கள் வயல்களில் பாயும். பயிர் கதிர் தள்ளும் பருவம், ஒன்றும் மிஞ்சாது. வெட்டாமல் விட்டால் அணை தானாகக் கீழே உடையும். கீழே ஓட்டமாவடிப் பக்கத்து முஸ்லிம் ஆட்களின் குடிசைகள். விதானையார் எங்கள் பக்கத்தை வெட்டினார். அவருடைய வயலும் அவர் சொந்தக்காரர் வயலும் போயின. கீழே ஒரு குடிசையும் போகவில்லை. அந்த வருடம் எங்கள் ஆட்கள் மரவள்ளிக்கிழங்கு அவித்துத் தின்றார்கள். இவ்வளவும் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கதை. ஏன் வெட்டினார் என்பதில்தான் வில்லங்கம்.

என் அம்மா சொன்ன கதை இது. அணையை வெட்டுவதா விடுவதா என்று விதானையாரால் முடிவுக்கு வர முடியவில்லை. சொந்தக்காரர் எல்லாம் வாய்க்கால் கரையில் மண்வெட்டியோடு நின்றார்கள், வெட்ட அல்ல, வெட்ட விடாமல் தடுக்க. அவர் நேரே கண்ணகி அம்மன் கோயிலுக்குப் போனார். போகும்போது வீட்டு வாசலில் நின்ற என் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனார். அம்மாவுக்கு அப்போது பாற்பல் விழும் வயது. கோயிலில் பூசை பார்க்கும் கட்டாடியார் இரண்டு பூக்களை எடுத்து, வெள்ளையை ஒரு வாழையிலைத் துண்டிலும் சிவப்பை இன்னொன்றிலும் பொட்டலமாகச் சுற்றி வாசலில் போட்டார். வெள்ளை வந்தால் வெட்டு. சிவப்பு வந்தால் வெட்டாதே. ஒன்றை எடுக்கச் சொல்லி அம்மாவை இறக்கி விட்டார்கள். அம்மா எடுத்தாள். பிரித்துப் பார்த்தால் சிவப்பு, செவ்வரத்தம் பூ.

விதானையார் அந்தப் பூவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாராம். பிறகு கோயில் கதவைப் பார்த்துச் சொன்னாராம், "உனக்குப் புள்ளயள் இல்லத்தானே, தாயே." சொல்லிவிட்டுப் போய் அணையை வெட்டினார்.

அதோடு கதை முடியவில்லை. அந்த வருடத்துக்குப் பிறகு அவர் சாகும்வரை கோயிலுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. போகாமல் இருக்கவுமில்லை. ஒவ்வொரு வைகாசிச் சடங்குக்கும் குளித்து, வேட்டி உடுத்தி, வேலிக்கு வெளியே நின்ற மருதமரத்தடியில் கைகூப்பிக்கொண்டு நிற்பார். கூப்பிட்டால் வரமாட்டார். "சொல்லுக் கேக்காதவன் நான், எந்த முகத்தோட உள்ள வாறது?" என்பாராம்.

என் கணவர் சரித்திர ஆசிரியர். நான் கணக்கு ஆசிரியை. அவர் இளந்தாரியாக இருந்தபோதே இடதுசாரிக் கட்சிக் கூட்டங்களுக்குப் போனவர். எங்கள் கலியாணத்தில் தாலி கட்டச் சம்மதிக்க வைப்பதற்குள் என் வீட்டார் அரை உயிராகிப் போனார்கள். விபூதி பூசச் சொன்னதற்கு, மணவறையில் வைத்தே என் அப்பாவிடம் மத ஆராய்ச்சி நடத்தினார். நல்ல மனிதர். பிறர் கஷ்டத்தைப் பொறுக்கமாட்டார். சம்பள நாளில் வீடு வந்து சேர்வதற்குள் பாதி மாணவர்களின் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் போய்விடும். ஆனால் ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடி.

அவர் விதானையாரைப் பிடித்துக்கொண்ட காலம், எங்கள் ஊருக்கும் ஓட்டமாவடிக்கும் நடுவில் கசப்பு மண்டிக் கிடந்த காலம். இரண்டு பக்கமும் செத்த வீடுகள். பின்னேரமானால் இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கம் போகாது. அப்படிப்பட்ட நேரத்தில், ஒரு தமிழன் தன் வயலை அழித்து முஸ்லிம் குடிசைகளைக் காப்பாற்றினான் என்று எழுதுவது பெரிய காரியம்தான். அதில் எனக்குப் பெருமை உண்டு. எழுதுவதற்கு என் அம்மாவிடமும் வந்து உட்கார்ந்தார். அம்மா உரலில் இடித்துக்கொண்டே முழுக் கதையையும் சொன்னாள்.

"பூவ எடுத்தது நான்தானே மருமகன். இந்தக் கைதான்," என்று மாவு ஒட்டிய கையை நீட்டிக் காட்டினாள்.

அவர் தலையாட்டிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் என்னிடம் சொன்னார், "உன்ர அம்மா சொல்றது நடந்திருக்க ஏலாது. யோசிச்சுப் பார். கண்ணகை அம்மன் கோயில் கதவு திறக்கிறது வைகாசியில மட்டும். மிச்ச நாளெல்லாம் பூட்டு. வெள்ளம் வந்தது மார்கழியில. பூட்டின கோயிலில எப்பிடிப் பூக் கேக்கிறது?"

எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். அன்றைக்கு உச்சந்தலைக்கே ஏறியது. எங்கள் பக்கத்துக் கண்ணகி கோயில்கள் சடங்கு நாட்களில் மட்டும்தான் திறக்கும், உண்மை. அதற்காக மற்ற நாளில் அவளோடு யாரும் பேசுவதில்லையா? மாடு தொலைந்தாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், மாப்பிள்ளை வீட்டுக்காரர் இழுத்தடித்தாலும் பூட்டிய கதவுக்கு முன்னால் போய்த்தான் நிற்பார்கள். பூக் கேட்பதும் வாசலில்தான். ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த இந்தச் சங்கதி இவருக்குத் தெரியாது. கோயில் பக்கம் போனால்தானே தெரியும்!

"கதவு பூட்டியிருந்தா அவளுக்குக் காது கேக்காதா?" என்று கேட்டேன். அவர் அதை ஒரு வாதமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் புத்தகம் வந்தது. அதில் விதானையார் விவசாயிகளின் ஒற்றுமையை அறிவால் கண்டுகொண்ட முன்னோடி. கோயில் இல்லை, பூ இல்லை, மருதமரம் இல்லை. என் அம்மாவும் இல்லை. ஒரே ஒரு அடிக்குறிப்பில், தெய்வக் குறி கேட்டதாகச் சில வாய்வழிக் கதைகள் உண்டு, கோயில் அக்காலத்தில் மூடியிருந்ததால் அவை பிற்காலச் சேர்க்கை என்று எழுதியிருந்தார். என் அம்மா பிற்காலச் சேர்க்கை ஆகிவிட்டாள். புத்தகத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அடிக்குறிப்பை விட்டுவிட்டுத்தான் வாசித்தேன். ஆனால் தன் பெயர் வரவில்லை என்பது அவளுக்கு விளங்காமல் இருக்குமா? "மருமகன் படிச்சவர். காரணமில்லாம உடமாட்டார்," என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தாள்.

புத்தகம் ஓட்டமாவடியில் நன்றாகப் போனது. அங்கே என் கணவரோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்த நண்பர் ஒருவர் இருந்தார். அவருடைய வாப்பா அந்த வெள்ளத்தில் கீழ்ப்பக்கக் குடிசையில் பிறந்து கொஞ்ச நாளே ஆன குழந்தை. அந்த அணையை வெட்டாமல் விட்டிருந்தால் நான் பிறந்தே இருக்கமாட்டேன் என்று சொல்வார். அவர்தான் புத்தகத்தைக் கட்டுக் கட்டாக வாங்கிக் கடைத்தெரு முழுதும் கொடுத்தவர்.

அம்மா அதற்கடுத்த வருடம் போய்ச் சேர்ந்தாள். நல்ல சாவு. கடல் வருவதைப் பார்க்காமல் போனாள்.

எங்களுக்கு ஒரு மகள். ஒரே மகள். பாலர் பாடசாலையில் படிப்பித்தாள். நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, மறுநாள் கல்குடாவில் இருந்த வேதக்காரச் சிநேகிதி வீட்டுக்குப் பலகாரம் சாப்பிடப் போனாள். போகும்போது, "அம்மா, பின்னேரம் வாறன், எனக்குச் சோறு வைக்காதீங்க," என்றாள். அதுதான் கடைசி. கடல் ஊருக்குள் வந்ததைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ஓட்டமாவடி நண்பர் மில் லொறி ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஆட்களோடு வந்து, தாழைப் பற்றைகளுக்குள் எங்கள் பிள்ளையைத் தேடி எடுத்தார். குழி வெட்டியதும் அவர்தான்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் ஒரு தலைகீழ் மாற்றம் நடந்தது. வாழ்நாள் முழுக்க விளக்கேற்றிய நான் விளக்கை எடுத்துப் பரணில் போட்டேன். முப்பத்தோராம் நாள் சடங்கன்று அவர் குளித்துவிட்டு வந்தார். நெற்றியில் மூன்று விரல் விபூதி. நான் அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த கிழமையிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் கண்ணகி அம்மன் வாசலுக்குப் போகத் தொடங்கினார், பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்பதற்கு. நான் ஒரு காலத்தில் அவருக்குச் சொன்னதைத்தான் செய்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் பிள்ளையைக் கேட்காமல் எடுத்தவளிடம் போய் எதற்காக நிற்பது என்று உள்ளுக்குள் குமுறினேன்.

பிறகு யுத்தம் மறுபடியும் மூண்டது. பனிச்சங்கேணிப் பக்கத்திலிருந்து சனம் கால்நடையாக வந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியது. வடக்கே ஷெல் விழும் சத்தத்தில் எங்கள் வீட்டு ஓடு அதிரும். பகலில் நான் அகதிப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தேன். அவர்களுக்கு வாய்ப்பாடு எதற்கு என்று கேட்கக் கூடாது. சத்தத்தை மறக்க அதைவிட நல்ல வழி இல்லை. அவர் அந்த நாட்களில் வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்து விதானையாரின் வாழ்க்கையைத் திரும்ப எழுதினார். முதல் புத்தகத்தில் பெரிய பிழை விட்டுவிட்டேன், திருத்தவேண்டும் என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கடைசியில் என் அம்மாவின் கைக்கு ஒரு இடம் கிடைக்கப் போகிறதே என்று.

எழுதி முடித்து, பிழை பார்க்க என்னிடம் தந்தார். வாசித்தேன். பூ வரும் பக்கம் வந்ததும் என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்கும்.

இந்தப் புத்தகத்தில் விதானையார் அம்மனின் அடியவர். பால்குடி மறந்த நாளிலிருந்து பக்தி. வெள்ளத்தன்று மழையில் நனைந்தபடி கோயிலுக்கு ஓடுகிறார். மார்கழி மாதம், கதவு பூட்டியிருக்கிறது. முதல் புத்தகத்தில் பூவே கேட்கவில்லை என்பதற்கு ஆதாரமாக இருந்த அதே பூட்டு. இப்போது அந்தப் பூட்டு தானாகத் திறக்கிறது! கதவு விரிகிறது. உள்ளே தீபம். எங்கிருந்தோ ஒரு சிறுமி வருகிறாள். யார் வீட்டுப் பிள்ளை என்று யாருக்கும் தெரியாது. குனிந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுக்கிறாள். வெள்ளைப் பூ. அணையை வெட்டு என்று அம்மனே சொல்லிவிட்டாள். நிமிர்ந்து பார்த்தால் சிறுமியைக் காணவில்லை. விதானையார் வெட்டுகிறார். தண்ணீர் வடிந்ததும் ஓட்டமாவடி ஆட்கள் தேங்காயோடு கோயிலுக்கு வந்து நன்றி சொல்லிப் போகிறார்கள். விதானையார் அதன் பிறகு கோயில் மண்டபத்தை விட்டு வெளியே வராமல் தொண்டு செய்து மறைகிறார்.

"இஞ்ச பாருங்க," என்று தாளை அவர் முன்னால் போட்டேன். "பூ வெள்ளையா?"

"வெள்ளைதான்."

"எங்கட அம்மா உங்களிட்டச் சொன்னது என்ன?"

"உன்ர அம்மா அப்ப சின்னப் புள்ள. பயத்தில எதைப் பாத்தாவோ."

"போன புத்தகத்தில எங்கட அம்மாவே இல்ல. இப்ப இருக்கிறா, ஆனா கண் தெரியாதவளா? சிவப்புக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் தெரியாதவளா?"

நான் விடவில்லை. மருதமரம் எங்கே என்றேன். சொல்லுக் கேளாதவன் என்று சாகும்வரை வெளியே நின்ற மனிதனை மண்டபத்துக்குள் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டீர்களே என்றேன். அம்மன் வேண்டாம் என்று சொல்லியும், கீழ்ப்பக்கத்துப் பிள்ளைகளை நினைத்து வெட்டினானே, அந்த நெஞ்சு எங்கே என்றேன். நீங்கள் முதலில் அவரிடமிருந்து அம்மனைப் பறித்தீர்கள், இப்போது அவரிடமிருந்து அவரையே பறித்துவிட்டீர்கள் என்றேன். நன்றாகத்தான் பேசினேன். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை அடக்கிய குரல். அவர் எழுந்து போய்க் கிணற்றடியில் முகம் கழுவினார்.

அவர் போன பிறகு, இன்னும் என்னென்ன பிழை என்று பார்க்கும் வெறியோடு அந்தப் பக்கத்தைத் திரும்ப வாசித்தேன். முதல் தடவை கோபத்தில் கண் ஓடிவிட்டது. சிறுமி வரும் இடத்தில் அவள் எப்படி இருந்தாள் என்று எழுதியிருந்தார். ஒல்லிப் பிள்ளை. எண்ணெய் வழிய வாரிய இரட்டைப் பின்னல். இடது புருவத்தைக் குறுக்கே பிரித்துக்கொண்டு ஒரு சின்னத் தழும்பு, சிரிக்கும்போது அது கொஞ்சம் மேலே ஏறும்.

என் மகள் சின்னதாக இருக்கும்போது கிணற்றுக்கட்டில் வழுக்கி விழுந்தாள். இடது புருவம் பிளந்தது. வாழைச்சேனை ஆஸ்பத்திரியில் தைத்த தையல் அது. சிரித்தால் மேலே ஏறும்.

தாளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். அவர் விதானையாரை எழுதவில்லை. அம்மனைக்கூட எழுதவில்லை. தண்ணீர் வரும் நாளில் எங்கள் பிள்ளை தண்ணீருக்கு முன்னால் வந்து, எங்கே வெட்டு, எங்கே வெட்டாதே என்று சொல்லி, நனையாமல் போய்விடுகிறாள். அவள் செத்துப்போகவில்லை. அம்மன் அவளை எடுத்துக்கொள்ளவில்லை, அவளே அம்மன். தண்ணீர் யாருடைய சொல்லுக்கும் கட்டுப்படாமல் தன்பாட்டில் வந்து போன சாமான் இல்லை, அதற்குப் பின்னால் ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கு எங்கள் பிள்ளையின் முகம். இதை நம்பினால்தான் இந்த மனிதர் காலையில் எழுந்து தேத்தண்ணி குடிக்கிறார்.

நான் என்ன செய்ய? பூவை எடுத்தது என் அம்மா. அது உண்மை. அம்மாவைத் திரும்ப அந்த வாசலில் கொண்டுவந்து வைக்கவேண்டுமென்றால் என் மகளை அங்கிருந்து எடுக்கவேண்டும். பிழை பார்க்கும் சிவப்புப் பேனா என் கையில்தான் இருந்தது. மூடியைத் திறக்கவும் இல்லை.

இரண்டு நாள் கழித்து ஓட்டமாவடி நண்பர் வந்தார். கணவர் கோயிலடிக்குப் போயிருந்தார். நான் தாள்கட்டை எடுத்துக் கொடுத்து, நீங்களே வாசித்துச் சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் கேட்பார் என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதிரையில் சாய்ந்து வாசித்தார். தேங்காய் வரும் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன டீச்சர் இது? எங்கட ஆக்கள் கோயிலுக்குத் தேங்கா கொண்டு போனாங்களாமா? எங்கட மூத்தாப்பாவா? அவர் மௌத்தாகிக் கபுறுக்குள்ள இருந்து எழும்பி வந்து என்னை உதைப்பார்!"

எனக்குச் சிரிப்பும் வந்தது. "அப்ப உங்கட ஊரில என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

அவருக்குக் கொஞ்சம் வெட்கம். "எங்கட ஊரில விதானையே பெரிசா வாறல்ல. உங்கட சேர் எழுதின முதல் புத்தகம் வந்த பிறகுதான் பொடியனுகளுக்குத் தெரியும். பழைய ஆக்கள் சொல்றது, பள்ளியில எங்கட மோதினார் மழைக்குள்ள நிண்டு பாங்கு சொன்னாராம், அதோட தண்ணி திரும்பிச்சாம். அணை வெட்டின ஆளப் பத்தி ஒரு வார்த்த இல்ல." பிறகு தனக்குள் சிரித்துக்கொண்டார். "நான் வாப்பாட்டக் கேட்டிருக்கன், தண்ணி ஏன் மேல திரும்பிச்சி எண்டு. அல்லாட குதுரத்து, அவன்ட வல்லமை எண்டார். மண்வெட்டி எண்டு ஒருத்தரும் சொல்லல்ல."

திரும்பவும் வாசித்தார். தேங்காயை வெட்டச் சொல்லவேண்டும், இதை அச்சுக்கு விடமுடியாது, ஊரில் என் தலை தெருவில் உருளும் என்று முணுமுணுத்துக்கொண்டே பக்கத்தைப் பின்னால் புரட்டினார். சிறுமி வரும் இடத்துக்கு வந்தார். கை நின்றது. தாழைப் பற்றைக்குள் அந்த முகத்தை முதலில் கண்டவர் அவர். சேற்றைத் துடைத்து, இது சேர்ர புள்ளதான் என்று சொன்னவர்.

தாள்களை ஒழுங்காக அடுக்கினார். மேசையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இத இப்பிடியே உடுங்க டீச்சர்," என்றார். "தேங்காயும் கிடக்கட்டும்."

புத்தகம் அப்படியே அச்சுக்குப் போனது. நான் எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தினேன். அந்தச் சமரசத்தில் எனக்கு ஒன்று உறைத்தது. நான் இவ்வளவு காலமும் அம்மாவின் கதைதான் உண்மை என்று மார்தட்டினேனே, கடல் வருவதற்கு முன் நான் அந்தக் கதையைச் சொல்லும்போது கடைசியில் வரும் மருதமரத்தைத்தான் அழுத்திச் சொல்வேன், எவ்வளவு பயபக்தி பாருங்கள் என்று. கடல் வந்த பிறகு, செவ்வரத்தம் பூவை வீசிவிட்டு வெட்டப் போன திமிரைத்தான் அழுத்திச் சொன்னேன். வீசினார் என்று அம்மா சொல்லவே இல்லை. கையில் பேனா இல்லாமல் நானும் என் பங்குக்கு அந்த மனிதரைத் திருத்தி எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

புத்தகம் கைக்கு வந்தது யுத்தம் முடிந்த வைகாசியில். சோதனைச் சாவடிகளில் பட்டாசு வெடித்தார்கள். தெருவில் பாற்சோறு கொடுத்தார்கள். எங்கள் ஆட்கள் வாங்கித் தின்றுவிட்டு, வன்னிக்குள் அகப்பட்ட சொந்தங்களைப் பற்றி ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போனார்கள். அந்த மாதமே சடங்கும் வந்தது. அந்த வருடம் கோயில் முட்ட முட்டச் சனம். யாருக்காக வந்திருக்கிறார்கள் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. புத்தகத்தைச் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பதென்று கோயில்காரர் தீர்மானித்திருந்தார்கள்.

நான் கடல் வந்த பிறகு கோயில் பக்கம் போனவள் இல்லை. அன்று கதவு திறக்கும் நாள். புத்தகம் எழுதியவரைக் காணவில்லை, உள்ளே மாலை போட அவரைத் தேடுகிறார்கள் என்று பக்கத்து வீட்டுப் பொம்பிளை ஓடி வந்து சொன்னாள். சேலையைச் சுற்றிக்கொண்டு போனேன். வழியில் இரண்டு பெண்கள் புத்தகத்தைப் பிரித்து ஒருத்தி வாசிக்க மற்றவள் கேட்டபடி நின்றார்கள். சிறுமி மறையும் இடம். கேட்டவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். என் மகளைக் கும்பிடுகிறாள் என்று அவளுக்குத் தெரியாது.

அவர் வேலிக்கு வெளியே மருதமரத்தடியில் நின்றார். அந்தப் பழைய மரம் எப்போதோ விழுந்து, வேரில் கிளைத்த கன்று இப்போது மரமாகி நிற்கிறது. குளித்து, வேட்டி உடுத்தி, விபூதி பூசி, கைகூப்பியபடி நின்றார். உள்ளே சனம் இடித்து நெருக்குகிறது, அங்கே அவர் மட்டும்.

"உங்களை உள்ள தேடுறாங்க. ஏன் இஞ்ச நிக்கிறீங்க?"

"உள்ள வர முகமில்ல," என்றார். கதவைப் பார்த்தபடியே சொன்னார், "உன்ர அம்மா எடுத்தது சிவப்புப் பூத்தான். எனக்குத் தெரியும். அண்டைக்கும் தெரியும், எழுதேக்கயும் தெரியும்."

"தெரிஞ்சுகொண்டு ஏன் வெள்ளை எண்டு எழுதினீங்க?"

அவர் கூப்பிய கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சிவப்புப் பூவ நம்மட புள்ளர கையில குடுக்க ஏலாமப் போச்சுது."

உள்ளே குரவை எழுந்தது. பெண்கள் எல்லோரும் சேர்ந்து போடும் குரவை. கதவைத் திறந்துவிட்டார்கள். வேலிக்கு மேலால், தலைகளுக்கு மேலால், உள்ளே எரியும் விளக்கு தூரத்தில் தெரிந்தது. ஒரு வருடம் இருட்டில் தனியே இருந்தவளைப் பார்க்க எல்லோரும் முண்டியடித்தார்கள். நானும் எட்டிப் பார்த்தேன். கும்பிடவேண்டும் என்று நினைக்கவில்லை. என்னை அறியாமல் என் வாய் சொன்னது, "உனக்குப் புள்ளயள் இல்லத்தானே, தாயே."

அந்தச் சொல்லைத் திமிர் என்று நினைத்துத்தான் இத்தனை வருடமும் சொல்லி வந்தேன். என் வாயிலிருந்து வந்தபோது அப்படி வரவில்லை. பாவம், உனக்கென்ன தெரியும் என்று, பிள்ளை இல்லாத ஒருத்தியைப் பார்த்து, பிள்ளையைப் பெற்று இழந்த ஒருத்தி சொல்லும் குரலில் வந்தது. விதானையார் எந்தக் குரலில் சொன்னாரோ. அம்மாவிடம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்சம் நகர்ந்து, மரத்தடி நிழலில் எனக்கு இடம் விட்டார்.